படித்தவர் கையெழுத்து

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி. ஆம்புலன்ஸ்களுக்கு மென்பொருள் எழுதுவது அவர்கள் தொழில். எங்கோ ஒருவர் உதவி கேட்டு போன் செய்தால், பக்கத்தில் இருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவரின் செல்போனில் மணி அடிக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்த டிரைவருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி.

அங்கே பொறியியல் பிரிவுக்குத் தலைவர் மாரீஸ்வரி. வயது நாற்பத்து நாலு. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருடைய சீடர் ஆரோக்கியசாமி. வயது நாற்பத்தொன்பது. ஆமாம், இங்கே சீடர்தான் மூத்தவர். நான் மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஆரோக்கியசாமி ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்தக் கம்பெனிக்கு ஒயரிங் வேலைக்கு வந்தார். ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தவர், அந்தப் பக்கமாகப் போன மாரீஸ்வரியை நிறுத்தினார்.

"ஏனுங்க மேடம், இத்தனை ஒயரையும் ஒரே ஸ்விட்சுல கொண்டு வந்து முடிஞ்சிருக்கீங்க. அது போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

மாரீஸ்வரி அந்த போர்டை எட்டிப் பார்த்தார். மறுநாள் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார். பதினாலு வருஷம் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு மேடத்துக்கு அடுத்த இடம் ஆரோக்கியசாமிக்குத்தான். ஆனாலும் மேடம் எதிரே வந்தால் மனுஷன் எழுந்து நின்றுவிடுவார். 'உட்காருங்கண்ணா' என்று சொல்லிச் சொல்லி மேடத்துக்குச் சலித்துப் போனது.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாமே கம்ப்யூட்டரில் நடக்கும் இடத்தில் இது மட்டும் காகிதத்தில் நடக்கும். மென்பொருளில் யார் எதை மாற்றினாலும், முதலாளிக்கு எதை எழுதினாலும், ஒரு மஞ்சள் தாளில் அச்செடுத்து இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். தாளின் அடியில் இரண்டு கட்டம். ஒன்றில் 'எழுதியவர்', இன்னொன்றில் 'படித்தவர்'. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு துரும்புகூட அந்தப் பிரிவை விட்டு வெளியே போகாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் மாரீஸ்வரி. தனக்கும் அதே சட்டம்தான் என்று வைத்துக்கொண்டார். அவர் எழுதும் தாள்களுக்கு 'படித்தவர்' ஆரோக்கியசாமி.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மாரீஸ்வரி மஞ்சள் தாளோடு ஆரோக்கியசாமியின் மேசைக்கு வந்தார். இவர் எழுந்தார்.

"உட்காருங்கண்ணா. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

ஆரோக்கியசாமி தாளை வாங்கினார். மேலிருந்து கீழே கண்ணை ஒரு ஓட்டு ஓட்டினார். மேடத்தை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க அவருக்குக் கூச்சம். நம்பாமல் பார்ப்பது போல ஆகிவிடுமே! பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"படிச்சிட்டீங்களா அண்ணா?"

"படிச்சிட்டேனுங்க மேடம்."

"முழுசா?"

"முழுசாப் படிச்சிட்டேனுங்க."

மாரீஸ்வரி அங்கேயே நின்றார்.

"வேற ஏதாச்சும் வேணுங்களா மேடம்?"

"இல்லைண்ணா."

ஆரோக்கியசாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மாரீஸ்வரி தாளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதலாளி தனபால், காரை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நேராக ஆரோக்கியசாமியிடம் வந்து அந்த மஞ்சள் தாளை மேசை மேல் வீசினார்.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா ஆரோக்கியம்?"

ஆரோக்கியசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னாச்சுங்க சார்?"

"என்னாச்சா? பதினாறு வருஷம் இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்துன பொம்பளை வேலையை விட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க என்னடான்னா அதைப் படிச்சுப் பார்த்து, ஜோராக் கையெழுத்துப் போட்டு அனுப்பி வெச்சிருக்கீங்க!"

ஆரோக்கியசாமி தாளைப் பார்த்தார். முதல் வரி: 'என் பதவியிலிருந்து விலகுகிறேன்.' அடியில், எழுதியவர்: மாரீஸ்வரி. படித்தவர்: ஆ. ஆரோக்கியசாமி. தன் கையெழுத்தேதான். வால் இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைத்து, வழக்கம்போல அழகாக இருந்தது.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டீங்களா? நான் நேத்து சாயங்காலம் அவங்ககிட்டக் கெஞ்சாத குறை. சம்பளம், பங்கு, என்ன வேணும்னாலும் கேளுங்கன்னேன். 'ஆரோக்கியம் அண்ணா படிச்சிட்டாரே சார், அவ்வளவுதான்'னுட்டாங்க. அப்படி என்னத்தைய்யா படிச்சீங்க நீங்க?"

இருபது பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு நடந்தார்.

மாரீஸ்வரி டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசை எப்போதும் போலத்தான் இருந்தது.

"மேடம், என்னங்க இது?"

"உட்காருங்கண்ணா."

அன்றைக்கு அவர் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம் போறீங்க? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"கையில இருக்கே. படிங்க."

"மேடம்..."

"சத்தமாப் படிங்க."

ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினார்.

"'என் பதவியிலிருந்து விலகுகிறேன். காரணம் கீழே. மூன்று வாரங்களுக்கு முன், டிரைவர் அழைப்பை எடுக்காவிட்டால் எத்தனை விநாடி காத்திருப்பது என்ற எண்ணை நான் மாற்றினேன். தொண்ணூறு என்று எழுத வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் என்று எழுதிவிட்டேன்.'"

அவர் நிறுத்தினார். மாரீஸ்வரி டீயைக் கீழே வைத்தார்.

"அந்தத் தாள் ஞாபகம் இருக்கா அண்ணா?"

"இருக்குதுங்க."

"அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேனுங்க." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொள்ளாயிரத்தைப் பார்த்தேனுங்க மேடம்."

"பார்த்தீங்க."

"பார்த்தேன். தொள்ளாயிரம்னா கால் மணி நேரமாச்சேன்னு மனசுல பட்டுதுங்க. ஆனா எழுதுனது நீங்க. அதுல ஏதாவது காரணம் இல்லாமயா இருக்கும்னு நெனச்சுட்டேனுங்க."

"காரணம் இருந்துச்சு. அன்னைக்கு எனக்குத் தலைவலி."

ஆரோக்கியசாமி தாளைக் கீழே இறக்கினார்.

"மேல படிங்க."

"'மறுநாள் காலை ஆனைமலையிலிருந்து ஓர் அழைப்பு. வெள்ளையம்மாள், வயது ஐம்பத்து மூன்று, சத்துணவுக் கூட அமைப்பாளர். பக்கவாதம். முதல் டிரைவரின் போன் அணைந்து கிடந்தது. இரண்டாவது ஆம்புலன்ஸ் அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் சும்மா நின்றிருந்தது. அழைப்பு அதற்குப் போகக் கால் மணி நேரம் ஆனது.'"

"ஐயோ, மாதாவே!" என்றார் ஆரோக்கியசாமி. "அது டிரைவர் போன் அணைஞ்சு போனதாலன்னுதான எல்லாரும் பேசிக்கிட்டாங்க?"

"எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் அன்னைக்கே எண்ணைச் சரி பண்ணிட்டு, நடந்ததை நடந்தபடி அறிக்கையா எழுதி முதலாளிக்கு அனுப்பினேன். என் தப்புன்னுதான் எழுதினேன். அதுலயும் 'படித்தவர்' யாருன்னு நினைக்கிறீங்க?"

ஆரோக்கியசாமி முகத்தை மூடிக்கொண்டார். அந்த மஞ்சள் தாளும் அவருக்கு நினைவு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முதலாளியும் படிக்கலைங்களா?"

"ரெண்டு கையெழுத்தும் இருக்கான்னு பார்த்தார். இருந்துச்சு. கோப்புல வெச்சுட்டார்."

வெளியே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆரோக்கியசாமி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா இப்ப எப்படிங்க இருக்காங்க?"

"அடுத்த வரி அதுதான்."

"'வெள்ளையம்மாளை நேரில் போய்ப் பார்த்தேன். என் தவறு என்று அவரிடமும் அவர் மகளிடமும் சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை எழும்பவில்லை. இருபத்தாறு வருஷம் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர், மருத்துவமனைத் தாளில் இடது கைப் பெருவிரலை வைத்தார்.'"

ஆரோக்கியசாமி படிப்பதை நிறுத்தினார். தாளை மேசை மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்பது வயது மனுஷன், துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னைத் திட்டியிருக்கலாமேங்க மேடம். செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கலாமே!"

"எழுதினது நான். உங்களை எதுக்கு அடிக்கணும்?"

"படிச்சவன் நானாச்சேங்க."

மாரீஸ்வரி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். ஆரோக்கியசாமி குடிக்கவில்லை.

"மேல படிங்க அண்ணா. கொஞ்சம்தான் இருக்கு."

"'அதன் பிறகு பழைய மஞ்சள் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் நான் எழுதியவை இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் எனக்குக் கேள்வி வந்தது ஒரே ஒரு தாளில். அதுவும் ஒரு எழுத்துப் பிழைக்காக.'"

"அதையாவது கேட்டேனுங்களே," என்றார் ஆரோக்கியசாமி.

"அதைக் கேட்டது நீங்க இல்லை. அன்னைக்கு நீங்க லீவு."

ஆரோக்கியசாமி குனிந்துகொண்டார்.

"ஸ்விட்ச் போர்டைப் பார்த்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே அண்ணா, அந்த ஆளை நான் எப்பத் தொலைச்சேன்னு மூணு வாரமா யோசிக்கிறேன். தெரியல."

"நான் இங்கதானுங்களே இருக்கேன் மேடம்."

"கடைசி வரி பாக்கி இருக்கு."

ஆரோக்கியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கடைசி வரி, அவருடைய கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது. கையெழுத்தின் வால் அந்த வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டிருந்தது.

"'இந்தத் தாளைப் படிப்பவர், நான் போக வேண்டாம் என்று...'"

அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார்.

"படிங்க."

"'...போக வேண்டாம் என்று நினைத்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பித் தரவும். நான் இங்கேயே இருப்பேன்.'"

ஆரோக்கியசாமி அந்த வரியை இன்னொரு முறை வாய்க்குள் படித்தார். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களிலும் படிக்காததையெல்லாம் அந்த ஒரு வரியில் படித்துத் தீர்ப்பவர் மாதிரி படித்தார்.

அப்புறம் சடாரென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வேண்டாங்க மேடம். போகாதீங்க. இப்பச் சொல்றேன், போகவே வேண்டாம்! இந்தத் தாளை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். முதலாளி கால்ல வேணும்னாலும் விழறேன். இனிமே ஒரு எழுத்து விடாமப் படிக்கிறேனுங்க. நேத்து நீங்க ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

மாரீஸ்வரி எழுந்து வந்து, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"நீங்க பேனாவை மூடுற வரைக்கும் உங்க மேசை பக்கத்துலயே நின்னேனேண்ணா."