தலையில் ஊற்றிய தண்ணீர்

அந்தக் காலத்தில், ஆடும் கோழியும் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் வறண்ட ஆற்றுக்குள் உறுமி மேளச் சத்தம் கேட்டது. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. கரைக்கு அந்தப் பக்கம், சினைமாடு முனகுவதுபோல் அது இழுத்துக்கொண்டே இருந்தது. ஊற்றுக்குழியில் குனிந்து சிரட்டையால் தண்ணீர் கோரிக்கொண்டிருந்த சடைச்சிக்குக் கை நின்றுவிட்டது. மூன்று வருஷமாய் மழை இல்லை. குடம் நிறைய அரை நாள் ஆகும்.

"கோயில்ல கூப்பிடுறாங்க. என்னைத்தான்," என்றது பக்கத்தில் நின்ற சுட்டி.

நெற்றியில் வெள்ளை விழுந்த கிடா அது. பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தது. சடைச்சிதான் துணியைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து ஆளாக்கினாள்.

"யாரு சொன்னா?"

"குறி சொல்ற கோடாங்கி. நேத்து நீ விறகுக்குப் போயிருந்தப்ப வந்தாரு. மாலையெல்லாம் உண்டாம். வாரேன்னுட்டேன்."

சடைச்சி சிரட்டையைக் கீழே வைத்தாள். மழைக்காக ஊர் காவு கொடுக்க நினைத்திருந்தது. ஆனால் சாமி சொன்ன கட்டு ஒன்று இருந்தது: பலியாகும் உயிரைக் கோயில் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும், அதுவாகச் சம்மதித்தால்தான் வெட்டலாம். மறுத்துவிட்டால் ஆயுளுக்கும் அதை யாரும் கேட்கக் கூடாது. சேவலிடம் கேட்டார்கள். "நாளைக்கு உங்களை யாருய்யா எழுப்பறது?" என்றது. பன்றி, "குட்டிங்க பால் மறக்கட்டும், பிறகு பாப்போம்" என்றது. எருமையிடமும் கேட்டார்கள். கேட்டவன் மேல் சாணி போட்டது. மற்ற ஆடுகளும் ஒவ்வொன்றாய் மறுத்துவிட்டன, மிச்சம் இருந்தது சுட்டி.

ஊரில் அதை வெள்ளந்தி என்பார்கள். வெள்ளந்தி என்றால் முட்டாள் இல்லை. முட்டாளுக்குச் சொன்னால் விளங்காது. வெள்ளந்திக்கு விளங்கும், ஆனால் தனக்கு ஒருவன் கெடுதல் செய்வான் என்பது மட்டும் மனசில் ஒட்டாது. ஒட்டுவதற்கு ஒரு முறையாவது பட்டிருக்க வேண்டுமே.

"வெட்டிருவாங்கடா," என்றாள்.

"எதை?"

"உன்னைத்தான்!"

சுட்டி சிரித்தது. "கோடாங்கி அப்பிடிப்பட்ட ஆளில்லை. என் காதைச் சொறிஞ்சுவிட்டாரே."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சரி. கேட்டா மாட்டேன்னு சொல்லு. அந்த ஒரு சொல் போதும்."

அதுவரை அந்தச் சொல் அதற்குத் தேவைப்பட்டதே இல்லை. வழி நெடுகச் சொல்லிப் பார்த்தது. வாய்க்குப் பிடித்துப் போனது. கருவேலங்காய் ஒன்றை நீட்டி, "திங்கிறியா?" என்றாள். "மாட்டேன்!" என்று குதூகலமாய்ச் சொல்லிவிட்டுத் தின்றது.

கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. கோடாங்கி மாலையோடு முன்னால் வந்தார்.

"என்னப்பா சுட்டி, சாமிகிட்டப் போறியா?"

சுட்டி மாலையைப் பார்த்தது. அதில் அரளியும் மருக்கொழுந்தும் இருந்தன. படித்த சொல் பறந்துபோய்விட்டது. "சடைச்சியும் வருமா?" என்று கேட்டது.

"பின்னாலயே வரும்," என்றார் கோடாங்கி.

சுட்டி பதில் சொல்ல வாயெடுத்தது. சடைச்சி இடுப்புக் குடத்தை அப்படியே அதன் தலையில் கவிழ்த்தாள். காலையெல்லாம் கோரிய தண்ணீர். சுட்டி திடுக்கிட்டு, கொம்பிலிருந்து வால்வரை உடம்பை உதறியது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமாய் ஆடியது.

"பாத்தீங்களா? தலையை ஆட்டிட்டான்! மாட்டேங்கிறான்!" என்று கத்தினாள். கண்ணால் பார்த்ததை இத்தனை பேரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்று நம்பினாள்.

கூட்டம் நனைந்து நின்ற கிடாவைப் பார்த்தது. தண்ணீரை உதறியது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வீட்டிலும் குடம் காலியாய்க் கிடந்தது.

"ஆமா," என்றான் கூட்டத்தில் ஒருவன். "ஆட்டிருச்சு. உத்தரவு குடுத்துருச்சு."

"குடுத்துருச்சுப்பா!" என்றார்கள் பத்துப் பேர். பெண்கள் குலவையிட்டார்கள். உறுமி எழுந்தது. "நான் சொன்னது அதில்ல! அவன் மாட்டேங்கிறான்யா!" என்று சடைச்சி தொண்டை கிழியக் கத்தியது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. மாலை விழுந்தபோது சுட்டி அவளைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னது. அதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மழை வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். வரவே இல்லை என்பவர்களும் உண்டு.

கோயில் மதிலுக்கு வெளியே கட்டிக் கிடந்த மற்ற ஆடுகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவை பேச்சை விட்டன. அன்று முதல்தான் வெட்டப்போகும் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உதறுகிறதா என்று ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சடைச்சி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். ஊற்றில் கொஞ்சம் ஊறியிருந்தது. சிரட்டையைக் கழுவி, கோர ஆரம்பித்தாள்.