பொம்மைக்காரியிடம் ஒரு கேள்வி

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ரெஜினாவுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் கற்றுக்கொள்ளும் தனபாக்கியத்துக்கு நாற்பத்தைந்து. குருவுக்குத்தான் வயது கூட இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

புதுச்சேரியில் சர்வதேச நாடக விழா நடந்தது.

"புத்தகத்த மூடி வச்சிட்டு வாங்கக்கா. உலகமே இங்க வந்து இங்கிலீஷ் பேசுது. போய்க் கேப்போம்" என்று ரெஜினா மாணவியை அழைத்துப் போனாள்.

வாசலில் கொரியாவிலிருந்து வந்த மேளக்காரர்கள் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி இருவரும் அரங்குக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு பெண் தனியாளாகப் பொம்மலாட்டம் நடத்தினாள். வசனமே கிடையாது. ஒரு தாய் தன் குழந்தையை ரயில் நிலைய பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ரயிலேறிப் போகிறாள். பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். வளர்ந்துவிட்ட மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். அத்தோடு விளக்கு அணைந்துவிட்டது.

தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் குவைத்தில் வருடக்கணக்காக வீட்டு வேலை பார்த்தவள் அவள். ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. மகள் இன்னும் விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் அவளிடம் பேசுகிறாள்.

ஆட்டம் முடிந்ததும் பொம்மைக்காரி ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு பார்வையாளர்கள் கேள்வி கேட்டார்கள். தனபாக்கியமும் கை தூக்கினாள். மைக் வந்து சேர்வதற்குள் கேள்வியை மனதுக்குள் மூன்று விதமாக மாற்றி மாற்றி அடுக்கினாள். கையில் மைக் வந்ததும் எல்லாம் சரிந்துபோனது.

"வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கை தட்டியது. அதுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வெளியே வந்ததும், "நாளையிலேர்ந்து நான் கிளாசுக்கு வரல டீச்சர்" என்றாள்.

"என்ன கேக்க நெனச்சீங்க?"

"அந்தப் புள்ளைக்கு அம்மாவ அடையாளம் தெரிஞ்சுதான்னு."

"கேட்டிருக்கலாமே."

"தப்பா வந்துட்டா? அத்தன பேர் முன்னாடி?"

"அந்தப் பொம்மைக்கார அம்மா இங்கிலீஷ் பேசினாங்களே, அதுல தப்பு இருந்துச்சா?"

தனபாக்கியம் யோசித்தாள்.

"கவனிக்கல டீச்சர். அவங்க சொன்னதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"நடுவுல அழுதாங்களே, எதுக்கு?"

"அவங்க அம்மாவோட பழைய கோட்ட வெட்டித்தான் அந்தப் பொம்மைக்குச் சட்டை தச்சாங்களாம். அதச் சொல்றப்போ அழுதாங்க. ஏன், நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன். அவங்க பேச்சுல எத்தன தப்புன்னு எண்ணிக்கிட்டிருந்தேன். கிளாஸ் எடுக்கிறவ புத்தி."



அந்த நேரம் பொம்மைக்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டோவுக்காக ஓரமாக நின்றாள்.

"அதோ நிக்கிறாங்க" என்றாள் ரெஜினா.

"நான் மாட்டேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு அழகா வரும்."

ரெஜினா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"கேள்வி அழகா வரும்க்கா. அவங்க சொல்ற பதில்தான் என் காதுல விழாது. நீங்க போங்க."