கொசுறுக்குப் போட்ட தடை

வேங்கைநல்லூர் மன்னர் வல்லபராயர் தங்கமான மனிதர். ஆனால் கடைசியாக அவர் காதைக் கடித்தவன் எவனோ, அவன் சொன்னதுதான் சரி. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றான் அங்காடி அதிகாரி நல்லபெருமாள்.

நல்லபெருமாளின் மைத்துனனுக்குக் கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடை. ஈ ஓட்டுவதுதான் அங்கே முழுநேர வேலை. எதிரே பேச்சாயி கடையிலோ எள் போட்டால் எள் விழாது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வெண்டைக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளை தண்ணீர். வெளியூர்க்காரருக்குச் சத்திரத்துக்கு வழி. எல்லாம் சும்மா!

"மன்னா, கண்டவனுக்கெல்லாம் வாரிக் கொடுத்து மற்ற வணிகர் வயிற்றில் அடிக்கிறாள் இவள்" என்று ஓதினான் நல்லபெருமாள்.

அவ்வளவுதான். மறுநாளே தண்டோரா போட்டார்கள். முன்பின் தெரியாதவருக்கு, விற்ற சரக்குக்கு மேல் யாரும் எதையும், ஒரு வார்த்தையைக்கூட, கொடுக்கக் கூடாது. மீறினால் கடை பறிபோகும்!

ஊர் பயந்துபோனது. கடைத்தெருவில் ஆரம்பித்த பயம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. வழிப்போக்கன் தண்ணீர் கேட்டால் கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் நாள் பேச்சாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"யாரோ ஒருத்தி பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா சாமி. பிள்ளை வீல் வீல்னு அழுதுச்சு. ஒரு வெள்ளரிப் பிஞ்சு குடுத்தேன். தப்புன்னு மனசுக்குத் தெரியும், கை கேக்கல" என்றாள் பேச்சாயி. அப்புறம் அவள் குரல் உடைந்தது. "புருஷன் போனப்புறம் அந்தக் கடைதான் சாமி எனக்குச் சோறு."

மன்னருக்குச் சங்கடம். சபையில் இருந்த விகடகவி அம்பலக்கூத்தர் மெல்ல எழுந்தார். அரசரிடம் துணிந்து பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"அரசே, ஒரு நாள் தவணை கொடுங்கள்."

"சரி. அந்நியருக்குக் கொடுக்கும் கொசுறால் எனக்கு என்ன பயன்? நாளை மாலைக்குள் காட்டு. இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு."

"அதற்குள் இன்னொரு தடவை செய்தால் சிறைதான்!" என்று கூவினான் நல்லபெருமாள்.

"காட்டுகிறேன்" என்றார் அம்பலக்கூத்தர். "நாளை உச்சி வேளைக்கு வெளியூர் வணிகர் வேடத்தில், தனியாக, கடைத்தெருவுக்கு வாருங்கள். உங்கள் சட்டம் எவ்வளவு ஜோராக நடக்கிறதென்று நீங்களே பார்க்கலாம்."

மன்னருக்கு மாறுவேடம் என்றால் கொள்ளை ஆசை. சாதாரணத் தலைப்பாகை ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறந்தது முதல் அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட நாலு ஆள். கட்டத் தெரிந்தால்தானே! நாலு தெரு தாண்டுவதற்குள் அது அவிழ்ந்து, வால் பின்னால் புழுதியில் புரண்டது. அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் வாயையும் திறக்கவில்லை.

"ஐயா, குளத்துக்கு எப்படிப் போகணும்?" என்று ஒரு கடைக்காரரைக் கேட்டார் மன்னர்.

"நான் புளி விக்கிறேன். வழி விக்கிறதில்லை."

தொண்டை வறண்டது. நல்லபெருமாளின் மைத்துனன் கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டார்.

"அது என் கடைச் சரக்கு இல்லை. நகருமய்யா!"

சட்டம் ஜோராகத்தான் நடந்தது. மன்னருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பூசை மணி அடித்ததும் கோயில் காளை கடைத்தெரு வழியே குளத்துக்குப் பாய்ந்தோடும். உள்ளூர்க்காரர்கள் மணி கேட்டதுமே ஒதுங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரர் நின்றால், "ஓரம்! ஓரம்!" என்று பக்கத்தில் இருப்பவர் கத்துவார்.

அன்று மணி அடித்தது. காளை வந்தது. மன்னர் நட்டநடுத் தெருவில் தலைப்பாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தெருவே மூலைக்கு மூலை நின்ற காவலர்களைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது.

"ஐயா, ஓரம்!"

கத்தியவள் பேச்சாயி. கத்தியதோடு நில்லாமல் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் கத்தரிக்காய்க் குவியலில் போய் விழுந்தார்கள். தலைப்பாகை மட்டும் காளையின் கொம்போடு குளத்துக்குப் போனது.

மைத்துனன் கடையிலிருந்து ஓடி வந்தான் நல்லபெருமாள். "பிடியுங்கள் அவளை! முன்பின் தெரியாத எவனையோ காப்பாற்றியிருக்கிறாள்! என் கண்ணால் பார்த்தேன்!"

கத்தரிக்காய்களுக்கு நடுவிலிருந்து, வேடம் கலைந்த மன்னரின் முகம் எழுந்தது. தெரு அப்படியே விழுந்து கும்பிட்டது.

கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் பின்னாலிருந்து அம்பலக்கூத்தர் வந்தார். "அதிகாரியாரே, இவரை உமக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், உமது சட்டப்படி மன்னர் இந்நேரம் கொம்பில் தொங்க வேண்டும். தெரியும் என்றால், தெரிந்தும் சும்மா நின்றிருக்கிறீர். எது வசதி?"

நல்லபெருமாள் மெல்ல மைத்துனன் கடைப் பக்கம் நழுவப் பார்த்தான்.

மன்னர் அம்பலக்கூத்தர் பக்கம் திரும்பினார். "அடப் பாவி! இவள் இழுக்காவிட்டால் என் கதி?"

அம்பலக்கூத்தர் மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக் காட்டினார். "இந்தக் காளைக்கு வெல்லம் என்றால் உயிர், அரசே. தயாராகத்தான் நின்றேன். பேச்சாயி முந்திக்கொண்டாள்."

மன்னருக்குச் சிரிப்பு பொங்கியது. தடை அங்கேயே ரத்தானது. தன் மோதிரத்தைக் கழற்றி அம்பலக்கூத்தரின் விரலில் மாட்டினார். நல்லபெருமாளுக்கும் ஒரு வேலை கொடுத்தார். இனி ஒரு வருடம், தினமும் உச்சி வேளையில் தெருமுனையில் நின்று, வெளியூர்க்காரர்களுக்கு "ஓரம்! ஓரம்!" என்று அவன் கத்த வேண்டும்.

பிறகு பேச்சாயி தந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மன்னர் கேட்டார்:

"உண்மையைச் சொல்லம்மா. சிறை என்று தெரிந்தும் இழுத்தாயே, நான் யாரென்று கண்டுபிடித்துவிட்டுத்தானே?"

பேச்சாயி கத்தரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"யாருன்னு கேட்டுட்டு இழுத்திருக்கலாம் சாமி. பதில் சொல்ல நீங்க இருந்திருக்கணுமே!"