எல்லைக் கம்பத்து மின்சாரம்

பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று என் சம்பந்தியம்மா அருள்மேரி எனக்குச் சொன்ன கதை இது.

மலைநாடு தன் பக்கத்தில் இருந்த கீழ்நாட்டுக்குக் கம்பி வழியே மின்சாரம் விற்றுவந்தது. ஒருநாள் கீழ்நாட்டுப் பெரிய அதிகாரி ரத்தினசபாபதி எல்லைக் கம்பத்தடியில் தன் ஆட்களோடு வந்து இறங்கினார்.

"ஒரு மாசமா உங்க கரண்ட் பொட்டுக்கூட வரல. மீட்டர் பொய் சொல்லுது. கம்பி செத்துக் கிடக்கு. வராத கரண்டுக்கு விலை கிடையாது!"

மலைநாட்டு இன்ஜினியர் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. கம்பத்தடியில் படர்ந்த கொடியை வெட்டிக்கொண்டிருந்த மலைநாட்டு லைன் வேலையாள் மூக்கையாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"டேய், நீ ஏறி அந்தக் கம்பியை அவுத்துப் போடு. மாட்டேன்னா இன்னைக்கே உன் சீட்டைக் கிழிக்கச் சொல்வேன்."

ஏறினால் உயிர் போய்விடும். மூக்கையா ஏணியைக் கொண்டுவந்து கம்பத்தில் சாய்த்தார்.

"ஏறுறேங்க ஐயா. ஆனா எங்க வேலையில ஒரு முறை உண்டு. கம்பி செத்துப்போச்சுன்னு சொல்றவங்கதான் முதல்ல தொட்டுக் காட்டணும். ஏணியை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன், பயப்படாம ஏறுங்க."

தலைக்கு மேலே கம்பி 'உம்'மென்று இரைந்துகொண்டிருந்தது. அதிகாரி முதல் படியில் காலை வைத்தார், அண்ணாந்து பார்த்தார், காலை எடுத்துவிட்டார்.

"கொல்லப் பாக்குறியாடா? அதுல கரண்ட் ஓடுதுடா!"

"ஓடுதுங்களா ஐயா? அப்ப அதை இன்ஜினியர் ஐயா நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

இரண்டு நாட்டு ஆட்களும் அதிகாரியையே பார்த்தபடி நின்றார்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கம்பம் ஏறுகிறவர்களுக்காக இன்றைய ஜெபத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.