கேலிக்கும் பதில் கூவும் குயில்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நில்லாமல் வம்பும் அளந்தன. பொருநை ஆற்றின் கரையில் ஒரு பெரிய மருதமரம். அதில் குடியிருந்த கரியமாணிக்கம் என்ற ஆண்குயில், யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிக் கொடுப்பான். அவன் அகவினால் மயிலே திரும்பிப் பார்க்கும். ஆந்தையைப் போல் அலறினால் அணில்கள் பொந்துக்குள் ஓடும். கேலி, கிண்டல், நையாண்டி, பகடி, எகத்தாளம் என்று இன்று நம்மிடம் இதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அன்று ஒன்றுகூட இல்லை. செய்பவன் ஒருவன்தான் என்பதால் அவன் பெயரே போதுமானதாக இருந்தது.

அவன் மனைவி புள்ளியழகி. அந்நாளில் பெண்குயிலும் கூவும். (இன்று கூவுவது ஆண்குயில்தான். கவிதை எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.) இருவரும் இரை தேடி ஆளுக்கொரு பக்கம் போனால், அவள் கூவுவாள், இவன் பதில் கூவுவான். 'இருக்கிறீர்களா?' 'இருக்கிறேன்.' அதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை. அவள் கூவல் படிப்படியாக மேலேறும். உச்சிப்படியில் மட்டும் பனையோலை கிழிவதுபோல் இலேசாகக் கிழியும். அந்தக் கிழிசலை வைத்துத்தான் எத்தனை குரல்களுக்கு நடுவிலும் அவளை அவன் கண்டுகொண்டான். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு சித்திரையில் கரையோர ஆலமரம் பழுத்தது. ஊர்ப்பட்ட பறவைகள் கூடிவிட்டன. நடுக்கிளையில் கரியமாணிக்கம் கொக்காகவும் கோழியாகவும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தான். அப்போது அக்கரையிலிருந்து புள்ளியழகி கூவினாள்.

"அத்தை கூப்பிடுதா மாமா," என்றது ஒரு மைனா. "ஊர்க் குரலெல்லாம் செய்தீக. அத்தை மாதிரி செய்ய பயமா?"

பதில் கூவத் திறந்த வாயோடு அவன் கூட்டத்தைப் பார்த்தான். எல்லாக் கண்களும் அவன்மேல். அவன் அவள் கூவலையே கூவினான். உச்சியில் இருந்த கிழிசலை இன்னும் நன்றாகக் கிழித்துக் காட்டினான்.

மரமே குலுங்கிச் சிரித்தது. அக்கரையிலிருந்து மறுபடி ஒரு கூவல், தயங்கித் தயங்கி. அந்தத் தயக்கத்தையும் சேர்த்து அவன் திருப்பிக் கொடுத்தான்.

அதன்பின் அவள் கூவவில்லை. மாலையில் மருதமரத்துக்குத் திரும்பவும் இல்லை.

கரியமாணிக்கம் தோப்புத் தோப்பாகக் கூவித் திரிந்தான். இதற்குள் மைனாக்கள் அவனிடமிருந்தே அந்த வித்தையைக் கற்றிருந்தன. இலைக்குள் ஒளிந்துகொண்டு, கிழிசல் உட்பட அவளைப் போலவே கூவும். அவன் பதறிப் பறந்து வந்தால், "வாங்க மாமா, அத்தை இப்பத்தான் எந்திரிச்சுப் போனா!" என்று சிரிக்கும். ஏமாந்து ஏமாந்து அவன் கண்கள் சிவந்தன. இனி யார் கூவினாலும் பதில் சொல்வதில்லை என்று ஆற்றைச் சாட்சி வைத்துச் சபதம் செய்தான்.

ஒருநாள் மாலை, காகம் கூடு கட்டியிருந்த வேப்பமரத்திலிருந்து ஒரு கூவல் எழுந்தது. ஏறி ஏறி, உச்சியில் கிழிந்தது. அவன் சிறகு தானாக விரிந்தது. 'மைனாவுக்கு நன்றாகவே பழகிவிட்டது' என்று எண்ணிச் சிறகை மடக்கினான். மறுபடி கூவல். அலகை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருட்டும்வரை விட்டுவிட்டுக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை காகம் வந்தது. "ஏலே கரியமாணிக்கம், காது அடைச்சுப் போச்சால உனக்கு? நேத்து அவ அந்தக் கூவு கூவுனாளே, ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"அது மைனாதான், அக்கா."

"மைனாவுக்கும் உன் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? என் கூட்டுப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. 'அவுக ஒருக்கா பதில் சொன்னாப் போதும், பழசை மறந்துருவேன்'னா. நீ வாயே தொறக்கல. 'இனிமே நான் கூவ மாட்டேன்கா'ன்னு சொல்லிட்டுப் பறந்துட்டா."

(காகத்தின் கூட்டருகே அவள் வேறு என்ன செய்துவிட்டுப் போனாள் என்பது தனிக்கதை. காகத்துக்கு அது இன்றுவரை தெரியாது.)

"எந்தப் பக்கம் போனா, அக்கா?"

"இலைக்குள்ள போனவளை எங்கேன்னு தேட?"

அந்த நேரம் பார்த்து மாமரத்திலிருந்து 'குக்கூ' என்று ஒரு குரல். மஞ்சள் அலகு இலைகளுக்கிடையே பளிச்சென்று தெரிந்தது. மைனாதான். கரியமாணிக்கத்துக்கும் நன்றாகத் தெரிந்தது. இருந்தும் கழுத்தை நீட்டி, தொண்டை நோக, பதில் கூவினான். மைனாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பழம் கொத்தப் போய்விட்டது.

பெண்குயில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. இன்றும் அது கூவுவதில்லை. இலை மறைவில் 'கிக் கிக்' என்பதோடு சரி. கோடை விடுமுறையில் பிள்ளைகள் மாமரத்தடியில் நின்று 'குக்கூ' என்று பழிப்புக் காட்டுவார்கள். மேலேயிருந்து உடனே பதில் வரும். இவர்கள் மறுபடி கூவினால் அது இன்னும் ஒரு படி ஏறிக் கூவும். குயில் ஏமாந்துவிட்டது என்று பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். கூவியது யாரென்று குயிலுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலையிலிருந்துதான் அது எந்தக் கூவலையும் பதிலில்லாமல் விடுவதில்லை. எப்போதாவது ஒன்று அவளுடையதாக இருந்துவிட்டால்?