பத்தடிச் சுவரும் பதினோரு டப்பாவும்

அன்று அந்த ஹாலில் இருந்தவர்களும் வந்தவர்களும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். வீட்டுக்கார அம்மா நாச்சம்மாள். எலக்ட்ரீஷியன் அப்பாஸ். பெயிண்டர் மாரப்பன். மதியம் வந்த மேஸ்திரி அமராவதி. மாலை நான்கு மணிக்கு வந்த வீட்டுக்காரர் ராக்கியப்பன்.

மாரப்பனுக்கு வயது ஐம்பத்து நான்கு. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு அமராவதியிடம் தொழில் கற்க வந்தார். மேஸ்திரிக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு வருடம் நான்கு மாதமாக மாரப்பன், அவர் சுரண்டச் சொன்னால் சுரண்டினார், சுவரின் குழி அடைத்துப் பட்டி பார்க்கச் சொன்னால் பார்த்தார். தனியாக ஒரு சுவர் அவர் கைக்கு வந்ததில்லை.

முந்தின நாள்தான் அமராவதி சொன்னார். "ராக்கியப்பய்யா வீட்டுல ஒத்தைச் செவுரு. நீங்களே பாருங்கண்ணா. நல்லா வந்துதுன்னா திங்கக்கிழமை புது வீடு முழுசும் உங்க பொறுப்பு."

"வரலீன்னா?"

"இன்னொரு வருசம் பட்டி பாருங்க."

ராக்கியப்பன் வலது கண்ணில் புரை எடுக்கக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து, நாச்சம்மாள் ஹால் சுவிட்சைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார். ராத்திரியில் மனிதர் எழுந்து தடவ வேண்டாம் என்று. பழைய சுவிட்சு இருந்த இடத்தைச் சிமெண்டு பூசி அடைத்தாயிற்று. பத்தடிச் சுவரின் நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு தழும்பு.

"சுவிட்சு மாறுனது அவருக்குத் தெரியட்டும் தம்பி. செவுத்தைத் தொட்டது தெரியக் கூடாது," என்றார் நாச்சம்மாள் மாரப்பனிடம்.

"தெரிஞ்சா என்னங்கக்கா?"

"கொப்பரை ஏலத்துல முப்பத்தொரு வருசம் தரம் பாத்தவரு. ஒரு மூட்டையில ஒரே ஒரு தேங்காப் பருப்பு நெறம் மாறியிருந்தாலும் எடுத்து வெளிய வெப்பாரு. இந்தச் செவுத்துக்கு நெறம் தேட அவரு ஒன்பது நாள் கடைகடையா அலைஞ்சாரு."

மாரப்பன் சிரித்தார். மில்லில் அவருக்கும் அதே வேலைதான். நீல விளக்கின் கீழே நூல் கோன்களை வரிசையாக வைத்து, கலந்துபோன ஒன்றைக் கண்டுபிடித்து எடுப்பது. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும்.

பரணில் பழைய டப்பாவின் மூடி கிடைத்தது. நிறத்தின் எண் அதில் இருந்தது. அந்தக் கம்பெனி அந்த நிறத்தை நிறுத்தி மூன்று வருடம் ஆயிற்று என்றார் கடைக்காரர். வேறு மூன்று கம்பெனிகளின் அட்டைகளை விரித்தார். மூன்றிலும் அந்த நிறத்துக்கு ஈடாக ஒரு நிறம் இருந்தது. மாரப்பன் மூன்று சின்ன டப்பா வாங்கிவந்து, சுவரில் கையகலத்துக்கு மூன்று திட்டுப் பூசினார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டார்.

மூன்றும் காய்ந்தன. மூன்றும் வேறாக இருந்தன.

"அக்கா, உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

நாச்சம்மாள் கிட்டே வந்து பார்த்தார். "ஒண்ணு, புழுங்கரிசி கழுவுன தண்ணி. ரெண்டு, மோரு. மூணு, அவரு பழைய வேட்டி."

"நம்ம செவுரு?"

"பச்சரிசி கழுவுன தண்ணி. அதுலயும் ரெண்டாந்தண்ணி."

மாரப்பன் மறுபடி கடைக்குப் போய் நான்கு டப்பா வாங்கிவந்தார். பிறகு இன்னொரு நான்கு. ஆக டப்பா பதினொன்று. மூன்று தடவை மொபெட்டில் போய் வந்ததில் சட்டை நனைந்துவிட்டது. ஒன்பதாவது திட்டைப் பூசும்போது அப்பாஸ் ஏணியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

"அண்ணா, காத்தால வந்தப்ப செவுத்துல ஒரு தழும்பு இருந்துது. இப்பத் தேமலே படர்ந்துருச்சு."

"நீ உன்ற ஒயரைப் பாரு அப்பாஸு."

"ஒயரு முடிஞ்சுதுங்கண்ணா. டீ வருதுன்னு நிக்கறேன்."

பத்து மணிக்கு நான்காம் எண் சுவரோடு சேர்ந்து நின்றது. பதினொன்றரைக்கு நான்கு பிரிந்து தெரிந்தது, ஆறு சேர்ந்தது. அப்பாஸ் புதுச் சுவிட்சைச் சரிபார்க்க டியூப் லைட்டைப் போட்டார். ஒன்பதில் ஒன்றுகூடச் சேரவில்லை. மாரப்பன் தன் கண்களைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். அப்போதும் சேரவில்லை. திங்கட்கிழமை வீடு கையை விட்டுப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

பன்னிரண்டே முக்காலுக்கு அமராவதி வந்தார். சுவரைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மேஸ்திரியம்மா, ஒன்பது பூசிட்டேன். இன்னும் ரெண்டு டப்பா தொறக்கலீங்க. இதுல எதுதானுங்க அதே நெறம்?"

அமராவதி நாச்சம்மாளிடம் திரும்பினார். "அம்மா, கிழிச்ச கேலண்டர் தாள் ஒண்ணு கெடைக்குங்களா? பின்னாடி அச்சு இருக்கக் கூடாது."

தாள் வந்தது. அமராவதி அதை நடுவில் மடித்தார். சுவரும் பக்கத்துச் சுவரும் கூடுகிற மூலையில், மடிப்பு உள்ளே போகும்படி வைத்து அழுத்திப் பிடித்தார். பாதித்தாள் இந்தச் சுவரில், பாதித்தாள் அந்தச் சுவரில்.

"பாருங்கண்ணா. எந்தப் பக்கம் வெள்ளை?"

"சன்னலைப் பாத்த பக்கம் வெள்ளைங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் மங்கல்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாப் பாத்துத்தான் சொல்றேன். இது ஒரு நெறம், அது ஒரு நெறம்."

"தாள் எத்தனை?"

மாரப்பன் தாளின் மடிப்பை விரலால் தடவினார்.

அமராவதி தாளை எடுத்து நாச்சம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்பாஸுக்கு வந்த டீயில் பாதியை வாங்கிக் குடித்தார்.

மாரப்பன் மூலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு எதிர் மூலைக்குப் போய் நின்றார். காலையிலிருந்து சுவரின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தவர் மூலைகளை அப்போதுதான் பார்த்தார். ஒரே பெயிண்ட் அடித்த சுவர்களும் மூலையில் வேறு வேறு நிறமாகத்தான் பிரிந்தன. திரும்பி வந்து பக்கெட்டை எடுத்தார். திறந்த ஒன்பது டப்பாக்களையும் ஒவ்வொன்றாக அதில் கவிழ்த்தார்.

"அண்ணா, மூணு கம்பெனிக்காரனையும் ஒரே பக்கெட்டுல உட்டா சண்டை போட்டுக்க மாட்டானுகளா?" என்றார் அப்பாஸ்.

"எல்லாமே தண்ணி பெயிண்டுதான். இருந்துக்கும்," என்றார் அமராவதி. எழுந்து உதவவில்லை.

மாரப்பன் இருபது நிமிடம் கலக்கினார். பழைய துணியில் வடிகட்டினார். தழும்பு, தேமல், பென்சில் எண் எதையும் தனியாகப் பார்க்காமல், இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் நிறுத்தினார். முதல் கைப் பூச்சு காய்ந்ததும் இரண்டாம் கை. மூன்றே முக்காலுக்கு நாச்சம்மாள் அடுக்களையிலிருந்து வந்தார். சுவரின் நடுவில் கண்ணாலே தேடினார்.

"ஓட்டை எங்க இருந்துது தம்பி?"

மாரப்பனுக்கே சட்டென்று காட்டத் தெரியவில்லை.

நான்கு மணிக்குக் கார் வந்து நின்றது. ராக்கியப்பன் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். ஹாலுக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார்.

"நாச்சா. அந்தச் செவுத்துக்கு எப்ப பெயிண்ட் அடிச்சே?"

அவர் காட்டியது யாரும் தொடாத கிழக்குச் சுவர்.

"இதுக்கும் அடிச்சிருக்குது." வடக்குச் சுவர். அதையும் யாரும் தொடவில்லை. "நாலுக்குமா அடிச்சே? இத்தனை வெள்ளையா?"

மாரப்பன் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தார்.

ராக்கியப்பன் கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினார். டாக்டர் கசக்கக் கூடாது என்றது நினைவு வந்து, தொடாமல் வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்தார். கையை எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"இந்தக் கண்ணுல பாத்தா நம்ம பழைய செவுரு. அந்தக் கண்ணுல பாத்தா புதுசு." கையை எடுத்து எடுத்து மறைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு வந்தது. "ஆஸ்பத்திரியில எல்லாமே வெள்ளை. அங்க தெரியலே பாரு. நாச்சா, இங்க வா. உன்ற தலை இத்தனை வெளுத்துப்போச்சா?"

"அப்படின்னா என்னைய மட்டும் அந்தப் பழைய கண்ணுலயே பாத்துக்குங்க மாமா."

அப்பாஸால் சும்மா இருக்க முடியவில்லை. "அய்யா, நெசத்துல ஒரு செவுத்துக்குத்தான் பெயிண்ட் அடிச்சுது. எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

நாச்சம்மாள் அப்பாஸை முறைத்தார். ராக்கியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏலத்துக்கு உட்கார்வது போல இருந்தது. புதுக் கண்ணால் நான்கு சுவரையும் பார்த்துக் கிழக்கைக் காட்டினார். பழைய கண்ணால் பார்த்து வடக்கைக் காட்டினார். இரண்டு கண்ணையும் திறந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"ரெண்டும் இல்லியா?"

"இல்லீங்க," என்றார் அப்பாஸ்.

"அப்ப நல்லாத்தான் அடிச்சிருக்கறாங்க," என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரம் கையை நீட்டினார். விரலில் புதுச் சுவிட்சு தட்டுப்பட்டது. போட்டார். அணைத்தார். போட்டார். நாச்சம்மாளைப் பார்த்தார். எந்தக் கண்ணால் என்று மாரப்பனுக்குத் தெரியவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் மாரப்பன் பிரஷ்ஷைக் கழுவினார். அமராவதி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரியம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"காத்தால ஒரு நெறம். லைட்டு போட்டா ஒரு நெறம். அய்யாவுக்குக் கண்ணுக்கு ஒரு நெறம். அப்ப அந்தச் செவுத்தோட சொந்த நெறம் என்னங்க?"

அமராவதி வண்டியைக் கிளப்பினார்.

"திங்கக்கிழமை வீட்டுல ஆறு பேரு இருக்கறாங்க. கண்ணு பன்னெண்டு. நீங்கதான போறீங்க, ஒவ்வொரு கண்ணாக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்கண்ணா."

வண்டி தெருமுனையில் திரும்பியது. மாரப்பன் பிரஷ்ஷை உதறினார். பையைத் திறந்து டப்பாக்களை எண்ணினார். காலி ஒன்பது. திறக்காமல் மீதி இரண்டு.