பூட்டிய அறையும் திறந்த அறையும்

மொழிபெயர்ப்பு தப்பாய்ப் போயிற்று. ஒருவன் பிழைப்பு போயிற்று.

வேன் டிரைவர் யேசுவடியானைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீஸார் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். ஆள் இவனில்லை என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அவனை விடுவித்து ஆங்கிலத்தில் போட்ட உத்தரவைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வைரவநாதன் தமிழில் 'இரண்டு நாள் சிறைத்தண்டனை' என்று எழுதித் தள்ளினார்.

தண்டனை பெற்றவனிடம் பிள்ளைகளை ஏற்றும் வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்றது பள்ளிக்கூடம்.

வைரவநாதன் மலையடிவாரத்து மடத்துக்குப் போனார். அவருடைய குரு செங்கமலத்தம்மாள் அங்கே புளி ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்குச் சீடரைவிடப் பதினைந்து வயது குறைவு.

"மனசு ஆறலை அம்மா."

"திருத்திட்டீங்களா?"

"திருத்த என்ன இருக்கு? டிடென்ஷன், கஸ்டடி, கன்ஃபைன்மென்ட், இம்ப்ரிசன்மென்ட். வெள்ளைக்காரனுக்கு வேலை இல்லை, நாலு வார்த்தை வச்சிருக்கான். எல்லாத்திலேயும் ஆள் உள்ளே, கதவு சாத்தியிருக்கு. அவ்வளவுதானே?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. உள்ளே போய் ஒரு முறம் எடுத்துட்டு வாங்க."

வைரவநாதன் தானிய அறைக்குள் போனார். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா! கதவு சாத்திக்கிச்சு!"

"சாத்திக்கலை. நான்தான் சாத்தினேன்."

"எதுக்கு?"

"விசாரிக்கணும்."

"என்னத்தை? எவ்வளவு நேரம்?"

நெல்தூசி மூக்கில் ஏறியது. சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி சுவரை. சட்டை நனைந்துவிட்டது.

கடைசியில் குரல் கேட்டது. "வாசல்ல ஆள் வந்து கேட்டாங்க, வைரவநாதன் எங்கேன்னு. உள்ளே தண்டனை அனுபவிக்கிறார்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"தண்டனையா!" கதவை இரண்டு கையாலும் குத்தினார். "நான் என்ன திருடினேனா, கொலை பண்ணினேனா? எவன் தீர்ப்பு சொன்னான்? நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்! அதைப் போய் தண்டனைன்னு ஊருக்குச் சொன்னா என் மானம்..."

சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. அம்மாள் வாசலில் நின்றார்.

"வெளியே வரலாம்."

வைரவநாதன் வரவில்லை.

"இப்ப எனக்குக் காரணம் தெரியும் அம்மா. தண்டனை எவ்வளவு நேரம், சொல்லுங்க."

"விளக்கு வைக்கிற வரைக்கும்."

அம்மாள் புளியிடம் போய்விட்டார். கதவு அகலத் திறந்து கிடந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை. சீடர் நெல்மூட்டை ஓரம் சம்மணம் போட்டு, விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கோர்ட்டு திறந்ததும் முதல் ஆளாக நின்றார். பதிவறை அலுவலர் ரெஜினா தாளை வாங்கிப் பார்த்தார். 'சிறைத்தண்டனை' கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. 'விசாரணைக்காகத் தடுத்துவைப்பு, குற்றச்சாட்டு எதுவும் இல்லை' என்று மேலே எழுதியிருந்தது.

"சார், திருத்தம் போட்டா தப்புப் பண்ணினவர் பேரும் ஏறும். உங்க சர்வீஸ் புத்தகத்துக்குப் போயிடும். ரிட்டயர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு? பேசாம விட்டுடுங்களேன்."

"அந்த டிரைவர் வாசல்ல நிக்கிறாரும்மா. பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கே கொண்டுபோகணும். எழுதுங்க."

ரெஜினா பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"தப்புப் பண்ணினவர்?"

"வைரவநாதன்."

"திருத்தினவர்?"

"வைரவநாதன்."